பின்னறைக்குச் சூடு

நவம்பர் 3, திங்கள்

தமிழ்க் காப்புறுதிக்காரர் வருடா வருடம் இலவசமாய்த் தரும் டயறி இது. இதுவரை மீன் விலை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு யாரிடமாவது கத்த வேண்டும் போலிருக்கிறது, கேட்க ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் ஃபர்னஸ் செத்துப்போனது. பேஸ்மென்டில் இருந்துகொண்டு எண்ணெயை எரித்து, குழாய் வழியே வீடு முழுக்கச் சூட்டுக் காற்று அனுப்பிய கிழட்டு இயந்திரம். பார்க்க வந்த பொடியன் தலையை ஆட்டினான், இனிப் பாவிக்கக் கூடாதென்று சிவப்புத் துண்டு ஒன்றை ஒட்டினான், போய்விட்டான். இனி எண்ணெய் வேண்டாம், மின்சார ஃபர்னஸ்தான் என்று முடிவெடுத்து, எங்கள் ஊர் கோர்ன்வாலில் இருக்கிற எல்லாக் கொம்பனிக்கும் ஃபோன் அடித்துப் பார்த்தேன். முதல் உறைபனி விழுந்ததும் ஊரிலுள்ள ஃபர்னஸ் எல்லாம் ஒன்றாய்ப் படுக்கும் போல. டிசம்பர் நடுவில்தான் வருவார்களாம்.

டிசம்பர் நடுவில்! என் மகள் ஆரணி குறித்த நாளுக்கு ஏழு கிழமை முந்திப் பெற்ற பிள்ளையை ஒட்டாவா வைத்தியசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருமகன் அல்பேர்ட்டாவில் சுரங்க வேலையில். இந்த மாதக் கடைசிக்குள் தாயையும் பிள்ளையையும் இங்கேதான் விடுவார்கள். பிள்ளை இருக்கிற அறை இரவு பகல் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டோம் என்று தாதி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள்.

நான் வேலை செய்த பேக்கரியை மூடின பிறகு நாற்பத்தெட்டு வயதில் எலக்ட்ரீசியன் வேலை பழகப் போனவள் நான். நாலு வருடமாய்ப் பிறத்தியார் வீட்டுக்கெல்லாம் வயர் இழுக்கிறேன், என் வீட்டுக்கு இழுக்க மாட்டேனா? வீட்டுக்காரர் தன் வீட்டு வேலையைத் தானே செய்யலாம். அனுமதி எடுக்க வேண்டும், பரிசோதகர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம், "ஃபர்னஸை நானே பூட்டுறன்" என்றேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்ம்" என்றார்.

இருபத்தேழு வருடமாய் நான் இந்த "ம்ம்"மோடு குடும்பம் நடத்துகிறேன். அது சம்மதமா, சந்தேகமா, கறிக்கு உப்புக் காணாதா, ஒன்றும் பிடிபடாது. நித்தியானந்தன் என்று பெயர் வைத்தவர்கள் நித்திய மௌனன் என்று வைத்திருக்கலாம். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 5, புதன்

அனுமதி கிடைத்துவிட்டது. ஃபர்னஸ் இன்னும் வரவில்லை. இரண்டு காலுறை போட்டும் கால் விறைக்கிறது.

நவம்பர் 8, சனி

வந்தது! இறக்கியவர்கள் வாசலோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேஸ்மென்டுக்குக் கொண்டு போகிற பொறுப்பு எங்களுடையதாம். படிக்கட்டின் வளைவில் பெட்டி சிக்கிக்கொண்டது. மேலே நான், கீழே இவர்.

"இஞ்சாருங்கோ, உங்கட பக்கத்தைத் தூக்குங்கோ."

"ம்ம்."

"தூக்குங்கோ எண்டுறன், ம்ம் எண்டுறியள்!"

"தூக்கித்தான் கிடக்கு. நீர்தான் இழுக்கிறீர்."

பார்த்தால் உண்மை. நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

இறக்கி வைத்த பிறகு இன்னொரு தலையிடி. மெயின் பெட்டிக்கு முன்னால் ஒரு மீட்டர் இடம் வெறுமையாய் இருக்க வேண்டும், அது சட்டம். எங்கள் மெயின் பெட்டிக்கு முன்னால் என்ன இல்லை? மீனும் ஒடியல் மாவும் அடைத்த ஆள் நீள ஃபிரீசர், அரிசி மூட்டைகள், ஆரணியின் நடன உடுப்புப் பெட்டி, ஊருக்குப் போய்வந்த சூட்கேசுகள். நாளைக்கு விடியத்தான் இதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று எரிச்சலோடு படுக்கப் போகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

விடிய எழும்பிப் போனால் மெயின் பெட்டிக்கு முன்னால் நிலம் பளிச்சென்று கிடக்கிறது. வேலையால் வந்த மனிதர் படுக்காமல் எல்லாவற்றையும் தனியாய் இழுத்திருக்கிறார். ஃபிரீசர் மற்றச் சுவரோடு. அரிசி மூட்டை எங்கே என்றால் மேலே வரவேற்பறையில், சோபாவுக்குப் பக்கத்தில், விருந்தாளி மாதிரி. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்? நானும் வந்து பிடித்திருப்பேனே.

பத்து மணிக்கு வயரிங் தொடங்கினேன். இந்த ஃபர்னஸ் வீட்டிலுள்ள எல்லாவற்றையும்விடக் கூடுதலாய்க் கரண்ட் குடிக்கும், அதனால் கம்பி பெருவிரல் தடிப்பு. அதை வளைப்பதும் கோபக்கார மாட்டைக் கட்டுவதும் ஒன்று. மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

இவர் படியில் நின்று எட்டிப் பார்த்தார். "மெயினை நிப்பாட்டினால் உள்ளுக்கை கரண்டே இல்லையோ?"

"மேல இருக்கிற ரெண்டு கம்பியிலயும் இருக்கும். அது தெருவில இருந்து நேர வாறது. அதை நான் தொடேலை, பயப்பிடாதேங்கோ."

மேலே போனார். நித்திரைக்குப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறப்பர்ச் செருப்பு போட்டுக்கொண்டு, கையில் நீள மரப்பிடித் தும்புத்தடியோடு திரும்பி வந்து எனக்குப் பின்னால் நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"கூட்டுறதுக்கு இதுவே உங்களுக்கு நேரம்? தூசி எல்லாம் பெட்டிக்குள்ள போகும். வையுங்கோ அதை!"

"ம்ம்."

வைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. நான் கடைசித் திருகை இறுக்கி மூடியைப் போடும்வரை தும்புத்தடியோடு அப்படியே நின்றார். இரவெல்லாம் வேலை, விடியவெல்லாம் ஃபிரீசர், பிறகு இது. சில வேளைகளில் இந்த மனிதருக்கு என்ன பிடித்ததென்றே விளங்குவதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இவரின் தமக்கை மனோன்மணி மச்சாள் மொன்றியலில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆரணிக்குப் பத்தியம் சமைக்க வந்தவர் ஒரு மூட்டை காய்ந்த செத்தல் மிளகாயோடு வந்திருக்கிறார்.

"மச்சாள், பிள்ளை பெத்தவளுக்கு ஏன் இவ்வளவு மிளகாய்?"

"அது அவளுக்கில்லையடி, உங்களுக்கு. உன்ரை கறித்தூளைப் போன வரியம் சாப்பிட்டுப் பாத்தனான். அது தூளே? செங்கல்லை இடிச்ச மாதிரி."

ஃபர்னஸைக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து சந்தனம் எடுத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு, நடுவில் குங்குமம், மேலே கண்ணூறு படாமல் சிவப்பு நூலில் ஒரு தேசிக்காய். மெயின் பெட்டிக்கும் ஒரு பொட்டு. நாளைக்குப் பரிசோதகர் வருகிறார் என்று சொன்னால், "வரட்டன், அவருக்கும் வைக்கிறன்" என்கிறார்.

நவம்பர் 12, புதன்

பாஸ்! பாஸ்! பாஸ்!

டூகே என்ற பரிசோதகர், உயரமான மனிதர், சிரிக்கவே மாட்டார் போல முகம். மெயினை நிறுத்தி, பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு திருகாய்த் தொட்டுப் பார்த்தார். எர்த் கம்பி எங்கே போகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனார். அவர் ஃபர்னஸின் பொட்டையும் தேசிக்காயையும் கன நேரம் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார்.

"இது எங்கள் ஆட்களின் பரிசோதனை. அவர்கள் நேற்றே பாஸ் பண்ணிவிட்டார்கள்."

சிரித்துவிட்டார் மனிதர்! வயரிங் யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நான் கம்பியை வளைத்து இறக்கியிருக்கும் விதத்தைத் தன் ஃபோனில் படமெடுத்துக்கொண்டார். புதிதாய்ப் பழகுகிறவர்களுக்குக் காட்டப் போகிறாராம். என் கம்பியை!

பின்னேரம் நாலு மணிக்கு மச்சாள் நல்ல நேரம் என்று சொல்ல, ஃபர்னஸின் ஆளியைப் போட்டேன். முதலில் ஒரு கிளிக். பிறகு விசிறி மெல்ல உறுமிற்று. பத்தே நிமிடத்தில் குசினியில் நின்ற மச்சாள் கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்தார். நான் ஒவ்வொரு அறையாய் ஓடி, நிலத்துக் காற்றுத் துவாரங்களில் கை வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் சூடு. எனக்கு ஆட வேண்டும் போலிருந்தது. மச்சாள் உண்மையாகவே ஆடினார்.

கடைசியாய் மேலே ஆரணியின் பின்னறைக்குப் போனேன். பிள்ளைக்குத் தொட்டில் போட்டு வைத்திருக்கிற அறை.

பனிப்பெட்டி. இந்த அறை எப்போதும் குளிர்தான், ஆனால் அது பழைய ஃபர்னஸின் கிழட்டுக் குற்றம் என்றல்லவா இருந்தேன். துவாரத்தில் கை வைத்தால் காற்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டு நாளாய் மற்ற அறைகளில் இருபத்திரண்டு, பின்னறையில் பதினைந்து. குழாய்த் தகடுகளைத் திறந்து பார்த்தாயிற்று. துவாரத்துக்குள் கை விட்டாயிற்று, ஒரு பழைய பொத்தானும் பென்சிலும் கிடைத்ததுதான் மிச்சம். பேஸ்மென்டில் இருந்து கிளம்புகிற குழாய் சரி, அறையில் முடிகிற குழாய் சரி. இடையில் சுவருக்குள் எங்கேயோ காற்று தொலைகிறது. எங்கே என்று தெரியாமல் வீட்டுச் சுவரையெல்லாம் உடைப்பதா?

ஆரணி ஃபோன் அடித்தாள். "அம்மா, வியாழக்கிழமை விடுவினமாம். புதன் அடிச்சு அறைச் சூடு கேப்பினம். சரியில்லையெண்டால் இன்னும் ரெண்டு கிழமை வச்சிருப்பினமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வீட்டை வரவேணும் அம்மா. இஞ்ச பெட்டியளின்ரை சத்தம் தாங்கேலாமல் கிடக்கு."

"நீ உடுப்பை அடுக்கு" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. பிளக்கில் செருகுகிற சின்ன ஹீட்டரை வைக்கலாமா என்றால், தொட்டிலுக்குப் பக்கத்தில் அது கூடவே கூடாதென்று தாதி முதலே சொல்லிவிட்டாள்.

இவர் பின்னறையில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார். "ம்ம்" கூட இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஆறுதலாய் எழுத வேண்டும். கண் இன்னும் எரிகிறது.

காலையில் மச்சாள் மிளகாய் வறுக்க வெளிக்கிட்டார். மேலே குசினியில் வறுத்தால் பிள்ளை வருகிற வீடு மணக்கும் என்று, ஒரு புத்தி செய்தார். எங்கள் பேஸ்மென்டில் இன்னொரு அடுப்பு இருக்கிறது, தமிழர் வீடுகளில் இருக்கிறது போல. அங்கே பெரிய தாச்சியை ஏற்றி, கதவை இறுகச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளிக்கு ஈரத்துணியும் வைத்து, வறுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த அடுப்புக்கு இரண்டு அடி தள்ளித்தான் ஃபர்னஸ் காற்றை உறிஞ்சுகிற வாய்.

நான் வரவேற்பறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் தொண்டைக்குள் ஒரு கரகரப்பு. பிறகு தும்மல். பிறகு பார்த்தால், காலடித் துவாரத்திலிருந்து மெல்லிய நீலப் புகை எழும்புகிறது. குசினித் துவாரத்திலும் புகை, குளியலறையிலும் புகை. நான் பார்த்துப் பார்த்து இறுக்கிய ஃபர்னஸ் ஒரு மூலை விடாமல் செத்தல் மிளகாயைப் பரிமாறிக்கொண்டிருந்தது!

"மச்சாள்! அடுப்பை நிப்பாட்டுங்கோ!"

"என்னடி? இஞ்ச ஒரு மணமும் இல்லையே!" கீழே இருந்து குரல். அவருக்கு எப்படி மணக்கும்? புகை எல்லாவற்றையும்தான் ஃபர்னஸ் இழுத்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததே.

இருமி இருமி மேலே ஓடினேன், ஜன்னல்களைத் திறக்க. நடையில் நிற்க முடியவில்லை. அகப்பட்ட கதவைத் திறந்து உள்ளே விழுந்து, கதவைச் சாத்தி, மூச்சு வாங்கினேன். நல்ல காற்று. குளிர்ந்த, சுத்தமான காற்று. ஒரு துளி மிளகாய் இல்லை.

ஆரணியின் அறை.

தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடு முழுக்கப் போன புகை இங்கே மட்டும் வரவில்லை. அப்படியென்றால் இந்த அறைக்கு வர வேண்டிய புகை எங்கே போயிற்று? அது எங்கே போகிறதோ, சூடும் அங்கேதானே போகும்!

அந்த நேரம் பார்த்து எங்கள் படுக்கை அறைக் கதவு படாரென்று திறந்தது. இரவு வேலையால் வந்து படுத்திருந்த மனிதர் சாரத்தோடு, கண்ணும் மூக்கும் ஒழுக, நடைக்கு ஓடி வந்து நின்று கத்தினார்.

"இஞ்சேர்! யோகம்! அலுமாரிக்குள்ளாலை புகை வருது! உம்மடை சீலையெல்லாம் எரியுது!"

இருபத்தேழு வருடத்தில் இவர் என் பெயரைக் கத்தி நான் கேட்டதில்லை.

சுவரோடு கட்டின அலுமாரி அது. அதற்குள் காற்றுத் துவாரம் எதுவுமே கிடையாது. கதவை இழுத்துத் திறந்தேன். என் கூறைச்சீலைக்குப் பின்னால், பலகையும் சுவரும் சேருகிற இடுக்கு நீளத்துக்கு, நீலப் புகை பொங்கிப் பொங்கி வந்தது. ஒன்றும் எரியவில்லை. கையை வைத்தேன். நல்ல இளஞ்சூடு.

"இதுதான்! இஞ்சதான்!" என்று கத்தினேன், தும்மினேன், சிரித்தேன். இவர் எனக்கு விசர் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார். மச்சாள் அகப்பையோடு மேலே ஏறி வந்து, "என்னடி, என்ன நடந்தது?" என்று கேட்க, அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன்.

"இவ்வளவு காலமும் பிள்ளைக்குப் போக வேண்டிய சூட்டிலை உங்கட தம்பி வீட்டுச் சீலையள் குளிர் காஞ்சிருக்கு மச்சாள்!"

வெளியே பூச்சியத்துக்குக் கீழே எட்டு. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, மூவரும் குளிர் அங்கி போட்டுக்கொண்டு பின்னறையில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம்.

நவம்பர் 17, திங்கள்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அலுமாரியின் முதுகை வெட்டினேன். உள்ளே குழாய் வளைகிற முழங்கைத் துண்டு கழன்று, இரண்டு துண்டும் ஒரு சாண் தள்ளி, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வீடு கட்டினவன் திருகே போடவில்லை. சும்மா செருகிவிட்டுப் போயிருக்கிறான், சண்டாளன்.

மச்சாள் டோர்ச் பிடித்தார். நான் துண்டுகளைச் சேர்த்து, தகட்டுத் திருகு அடித்து, வெள்ளி நாடா சுற்றினேன்.

"நீ வயர் பூட்டின அண்டைக்கு உன்ரை மனிசன் எனக்கு ஃபோன் அடிச்சவன்" என்றார் மச்சாள், டோர்ச்சை ஆட்டிக்கொண்டு.

"இவரோ? ஃபோனோ? என்னத்துக்கு?"

"கரண்ட் பிடிச்ச ஆளைக் கையாலை தொடக்கூடாதாம், மரத்தடியாலைதான் தட்டிவிட வேணுமாம், மெய்யே அக்கா எண்டு கேட்டான். குரல் நடுங்கினது. வீட்டிலை என்ன தடி கிடக்கு எண்டன். தும்புத்தடிதான் கிடக்கு எண்டான்."

நான் நாடாவைச் சுற்றிக்கொண்டேயிருந்தேன். போதும், எத்தனை சுற்றுச் சுற்றுவாய் என்று மச்சாள்தான் நிறுத்தினார்.

கண் எரிந்தது. நேற்றைய மிளகாய் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

பின்னேரம் பின்னறைத் துவாரத்தில் கை வைத்தேன். காற்று உள்ளங்கையைத் தள்ளியது. இருட்டுவதற்குள் இருபத்திரண்டு.

நவம்பர் 19, புதன்

விடிய எழும்பினால் இவர் பின்னறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில், பெனியனோடு படுத்திருக்கிறார். எனக்குச் சொல்லாமல் வேலைக்கு லீவு போட்டிருக்கிறார்.

"என்ன கோலம் இது? போர்வை இல்லையோ?"

"போர்த்தால் எப்பிடித் தெரியும்? ராவு முழுக்கப் பாத்தனான். குளிரேல்லை."

பத்து மணிக்குத் தாதி அடித்தாள். அறைச் சூடு இருபத்திரண்டு, திங்கள் இரவில் இருந்து ஆடவில்லை, அசையவில்லை என்றேன். நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். மச்சாள் குசினியில் பத்தியச் சரக்கு வறுக்கத் தொடங்கினார். இந்த முறை மேலே, விசிறி போட்டு, என்னைக் கேட்டு.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டார்கள்.

காரிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் காற்று முகத்தில் அறைந்தது. ஆரணி பிள்ளையை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு ஓடி வந்தாள். நேரே மேலே, பின்னறைக்கு. தொட்டிலில் கிடத்தினாள். பேக்கரிப் பணிஸ் ஒன்றின் அளவு முகம், அதற்குள் ஒரு கொட்டாவி. ஆரணி குளிர் அங்கியைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழுத்தைத் துடைத்தாள்.

"அம்மா, இந்த அறை வெக்கையாய்க் கிடக்கு. ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டோ?"

வெக்கையாம்! கோர்ன்வாலில், நவம்பரில், பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க இரண்டு காலுறையோடும் தொப்பியோடும் படுத்த பிள்ளை, அதே அறையில் நின்றுகொண்டு வெக்கை என்கிறாள்! பரிசோதகர் தந்த பாஸ் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். "திற ராசாத்தி, வடிவாய்த் திற!" என்றேன். மச்சாள் என்னை ஏசி ஏசி ஜன்னலைச் சாத்தினார்.

கீழே இவர் ரொறன்ரோவில் இருக்கிற தமையனோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று கேட்டேன்.

"இல்லையண்ணை, கொம்பனிக்காரர் ஒருத்தரும் வரேல்லை. எல்லாம் யோகம்தான். ஒவ்வொரு கம்பியும் அவதான். பெருவிரல் தடிப்பு அண்ணை, கம்பி! பரிசோதகர் படம் பிடிச்சுக்கொண்டு போனவர், மற்றாக்களுக்குப் படிப்பிக்க. ஓமோம், எங்கட யோகம்தான். பிறகு குழாய் ஒண்டு சுவருக்குள்ள கழண்டு கிடந்தது, அதையும்..."

மனிதர் நிறுத்தவேயில்லை. தமையன் ஃபோனை வைத்ததும் அடுத்த ஆளுக்கு அடித்தார். அவருக்கும் பெருவிரலில் இருந்து தொடங்கினார். இவ்வளவு பேச்சையும் இத்தனை காலமும் எங்கே வைத்திருந்தார்? நான் சத்தம் போடாமல் மேலே ஏறிப் போனேன். எனக்குச் சந்தோசம். அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

நவம்பர் 22, சனி

முதல் கிழமை சூடேறிய பிறகு திருகுகள் இளகியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மத்தியானம் பிள்ளை பால் குடித்து உறங்கியதும் கீழே போனேன். மெயினை நிறுத்தி, மூடியைக் கழற்றினேன்.

பின்னால் இறப்பர்ச் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

"இண்டைக்குக் கூட்டுறதுக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

"ம்ம்."

"கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்கோ. அங்கை நிண்டால் தடி எட்டாது."

கிட்ட வந்து நின்றார். ஒவ்வொரு திருகாய்ப் பார்த்தேன். ஒன்றும் இளகவில்லை.